பத்து சென்டிமீட்டர் அலை: அணு ஆய்வாளர்கள் ரேடாருக்குள் வந்தது எப்படி?

இரண்டாம் உலகப் போரின் ரேடாரைப் பற்றிப் பேச்சு எடுத்தால் பெரும்பாலும் மூன்று கதைகள் ஒன்றாகக் குழைந்து வரும். ராபர்ட் வாட்சன்-வாட் ரேடாரைக் கண்டுபிடித்தார், அதை வைத்து 1940இல் பிரிட்டன் ஜெர்மன் விமானங்களைச் சமாளித்தது, அந்த ரேடாரே பிறகு சமையலறைக்கு மைக்ரோவேவ் அடுப்பாக வந்து சேர்ந்தது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் 1940 கோடையில் பிரிட்டனின் கரையைக் காத்த ரேடாரில் நுண்ணலை, அதாவது மைக்ரோவேவ், கிடையாது. நுண்ணலை ரேடார் வேறொரு கருவி, வேறு ஆட்கள் செய்தது. அந்தக் கோடைக்குப் பிறகுதான் அது களத்துக்கு வந்தது. அதைச் செய்தவர்களில் பலர் அந்த வேலைக்கு வரும் வரை அணுக்கருவையும் காஸ்மிக் கதிர்களையும் ஆராய்ந்துகொண்டிருந்த பல்கலைக்கழக இயற்பியலாளர்கள். அவர்கள் ஏன் தேவைப்பட்டார்கள் என்று புரிய, ரேடாரின் அடிப்படையிலிருந்தே தொடங்க வேண்டும்.

## எதிரொலியும் கடிகாரமும்

ரேடார் செய்வது இரண்டே வேலை. ரேடியோ அலையை ஒரு கணம் மட்டும் அனுப்புகிறது. அது எதன் மீதாவது பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கிறது. அப்படி ஒரு கணம் மட்டும் அனுப்பப்படும் அலைக்கீற்றைத் துடிப்பு என்பார்கள்.

ரேடியோ அலை ஒரு மைக்ரோ நொடியில், அதாவது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில், 300 மீட்டர் போகும். எதிரொலி 100 மைக்ரோ நொடி கழித்து வந்தால், போய் வந்த தூரம் 30 கிலோமீட்டர். அப்படியானால் விமானம் 15 கிலோமீட்டரில் இருக்கிறது. தூரம் கிடைத்துவிட்டது. எந்தத் திசையில் என்பதுதான் அடுத்த கேள்வி. வம்பு அங்கேதான் ஆரம்பம்.

இந்த எண்ணம் பழையது. கிறிஸ்டியன் ஹூல்ஸ்மேயர் என்ற ஜெர்மானியர் 1904இலேயே கப்பல்களிலிருந்து ரேடியோ அலை திரும்புவதைக் காட்டிவிட்டார். 1930களில் பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா என்று பல நாடுகள் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று தெரியாமல் ரேடார் செய்துகொண்டிருந்தன. 1935 பிப்ரவரி 26 அன்று வாட்சன்-வாட்டும் அவருடைய உதவியாளர் ஆர்னால்ட் வில்கின்ஸும் டாவென்ட்ரி அருகே பிபிசி ஒலிபரப்பியின் அலை ஒரு குண்டுவீச்சு விமானத்தில் பட்டுத் திரும்புவதைப் பிடித்தார்கள். விமானியைக் கொல்லும் கதிர் ஒன்றைச் செய்ய முடியுமா என்று அரசு கேட்டிருந்தது. முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டிய வில்கின்ஸ், விமானத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் முடியும் என்றார். அதிலிருந்து வந்ததுதான் பிரிட்டனின் கடற்கரையோரம் நின்ற செயின் ஹோம் கோபுர வரிசை. அந்த வரிசைக்காக வாட்சன்-வாட்டைப் பாராட்டலாம். ரேடார் முழுவதையும் அவர் கணக்கில் எழுதுவது மிகை.

## நீண்ட அலை ஏன் தொல்லை

அலையின் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரம் அலைநீளம். செயின் ஹோம் பயன்படுத்திய அலைநீளம் பத்து மீட்டரை ஒட்டியது. அதன் கோபுரங்கள் சுமார் 110 மீட்டர் உயரம். அவ்வளவு பெரிதாக இருந்ததற்குக் காரணம் எளிது: ஒரு ஆன்டெனா அலையை எவ்வளவு குறுகிய கற்றையாகக் குவிக்கும் என்பது, அந்த ஆன்டெனா அலைநீளத்தைப் போல எத்தனை மடங்கு பெரியது என்பதைப் பொறுத்தது. அலையை விட ஆன்டெனா பல மடங்கு அகலமாக இருந்தால் கற்றை கூர்மையாகும். அலையும் ஆன்டெனாவும் ஒரே அளவு என்றால் அலை நாலாபக்கமும் சிதறும்.

இதை ஒரு இரவுச் சண்டை விமானத்தில் வைத்துப் பாருங்கள். போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் விமானங்களுக்குள் வைத்த ரேடாரின் அலைநீளம் 1.5 மீட்டர். விமானத்தின் மூக்கில் முக்கால் மீட்டர் அகலத்தில் வட்டில் வடிவ ஆன்டெனா ஒன்றை வைக்கலாம், அதற்கு மேல் இடமில்லை. 1.5 மீட்டர் அலையை அந்த வட்டிலால் குவிக்கவே முடியாது. அது முன்னாலும் போகும், பக்கத்திலும் போகும், கீழே தரைக்கும் போகும். விமானம் 5 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தால், 5 கிலோமீட்டர் தூரத்து எதிரொலி என்று தரையே பிரம்மாண்டமாகத் திரும்பி வரும். அதற்கு அப்பால் இருக்கும் எதிரி விமானத்தின் சின்ன எதிரொலி அதில் மூழ்கிவிடும். ஆக, விமானம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம்தான் அதன் ரேடாருக்குப் பார்வை. தாழப் பறந்து வருபவனை விரட்டினால் ரேடார் கிட்டத்தட்டக் குருடு.

அதே முக்கால் மீட்டர் வட்டிலில் 10 சென்டிமீட்டர் அலையைச் செலுத்தினால் கற்றை சுமார் 10 டிகிரிக்குள் அடங்கும். அதைத் தரையில் படாமல் மேலே திருப்பலாம், இடம் வலமாகச் சுழற்றித் தேடலாம். இந்த அளவுக் குட்டி அலைகளைத்தான் நுண்ணலை என்கிறோம். ஏறக்குறைய ஒரு மீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை அந்தப் பெயர் பொருந்தும்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: தூரத்தை நேரம் சொல்கிறது, திசையைக் கற்றை சொல்கிறது. சின்ன ஆன்டெனாவில் கூர்மையான கற்றை வேண்டுமானால் அலை சின்னதாக இருந்தாக வேண்டும்.

## அப்படியானால் ஏன் முதலிலேயே செய்யவில்லை?

சின்ன அலை வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதை வலுவாக உண்டாக்கத்தான் வழி இல்லை.

ரேடாருக்கு வலு எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கணக்கு சொல்லிவிடும். போகிற அலை தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மெலிகிறது. திரும்புகிற அலையும் அப்படியே மெலிகிறது. எனவே இலக்கு இரண்டு மடங்கு தூரம் தள்ளிப் போனால் எதிரொலி பதினாறில் ஒரு பங்காகிறது. பார்வையை இரட்டிப்பாக்க பதினாறு மடங்கு வலு தேவை. அங்கே இங்கே கொஞ்சம் கூட்டிப் பிரயோசனமில்லை, ஆயிரம் மடங்கு தாவினால்தான் வித்தியாசம் தெரியும்.

அந்தக் காலத்து ரேடியோ அலைகள் வெற்றிடக் குழாய்களிலிருந்து வந்தன. காற்று நீக்கிய குழாயில் சூடான ஒரு முனையிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி எதிர் முனைக்குப் பாயும். இடையில் ஒரு வலை அந்தப் பாய்ச்சலைக் கூட்டிக் குறைக்கும். 10 சென்டிமீட்டர் அலை நொடிக்கு 300 கோடி முறை அதிர்கிறது. எலக்ட்ரான் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் மின்னழுத்தம் திசை மாறிவிடும். குழாய் வேலை செய்யாது, அல்லது மிகக் குறைந்த வலுவோடு செய்யும். 1937இல் ஸ்டான்ஃபோர்டில் வேரியன் சகோதரர்கள் செய்த கிளைஸ்ட்ரான் என்ற புதுவகைக் குழாய் இந்தச் சிக்கலைத் தாண்டியது. ஆனால் தேவைப்பட்ட வலுவுக்கு அது எட்டவில்லை.

## ஏன் பல்கலைக்கழகக்காரர்கள்?

இயற்பியலாளர் என்றால் கரும்பலகையும் சமன்பாடும்தான் நினைவுக்கு வரும். அதனால் அவர்கள் ஏதோ ஆழ்ந்த கோட்பாட்டை ரேடாருக்குக் கொண்டுவந்தார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் படித்த வரையில் ஆரம்பத்தில் உதவியது அவர்களுடைய கைப்பழக்கம்தான். 1930களில் அணுக்கரு ஆய்வுக்கூடம் என்பது கிட்டத்தட்ட ஒரு பட்டறை. துகள்களைச் சுழற்றி வேகமேற்றும் சைக்ளோட்ரானைக் கட்ட வேண்டுமானால் உயர்ந்த வெற்றிடம், கனமான காந்தம், வலுவான உயர் அதிர்வெண் மின்சாரம் மூன்றும் வேண்டும். நுண்ணலைக் குழாய்க்கும் அதே மூன்றுதான் தேவை.

பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவராக இருந்த மார்க் ஒலிஃபன்ட் ஆஸ்திரேலியர், ரதர்ஃபோர்டிடம் பயின்றவர், சைக்ளோட்ரான் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். 1939இல் அவரும் சகாக்களும் செயின் ஹோம் நிலையம் ஒன்றுக்குப் போய்ப் பார்த்தார்கள். வேறு பல பல்கலைக்கழகத்தாரும் அந்தக் கோடையில் அப்படி அழைக்கப்பட்டிருந்தார்கள். போர் தொடங்கியதும், 10 சென்டிமீட்டரில் வலுவான அலை தரும் கருவி வேண்டும் என்று கடற்படை அமைச்சகம் பர்மிங்ஹாமிடம் கேட்டது.

அதே துறையில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரியாவில் பிறந்த ஓட்டோ ஃப்ரிஷும் ஜெர்மனியில் பிறந்த ருடால்ஃப் பையர்ல்ஸும் அங்கே இருந்தார்கள். ரேடார் ரகசியம் என்பதால் வெளிநாட்டவரான அவர்களை உள்ளே விடவில்லை. வேலை இல்லாமல் இருந்தவர்கள் யுரேனியத்தைப் பற்றி யோசித்தார்கள். அணுகுண்டு நடைமுறையில் சாத்தியம் என்று காட்டிய குறிப்பை 1940 மார்ச்சில் எழுதினார்கள். ரேடாரை விடச் சிறிய விஷயம் என்று நினைத்துத்தான் அதை அவர்களிடம் விட்டிருந்தார்கள் என்றே சொல்லலாம்.

## துளையிட்ட செம்புக் கட்டி

ஒலிஃபன்ட் குழுவின் பெரும்பகுதி கிளைஸ்ட்ரானோடு மல்லுக்கட்டியது. ஜான் ராண்டல், ஹாரி பூட் இருவரும் ஒதுக்கமான ஒரு வேலையில் இருந்தார்கள். ராண்டல் அதற்கு முன் ஒளிரும் பொருள்களை ஆராய்ந்தவர். பூட் அப்போதுதான் முனைவர் பட்ட ஆய்வில் இருந்த இளைஞர். இருவரும் 1939 கடைசியில் ஒரு பழைய கருவியைப் புது விதமாக யோசித்தார்கள். அந்தக் கருவி மேக்னட்ரான்: காந்தத்தால் எலக்ட்ரான்களை வளைத்து வேலை வாங்கும் வெற்றிடக் குழாய். அமெரிக்காவில் ஆல்பர்ட் ஹல் 1921லேயே அதன் முதல் வடிவத்தை விவரித்திருந்தார்.

இவர்கள் செய்ததைக் கண்முன் கொண்டுவருவோம். கனமான ஒரு செம்புக் கட்டி. நடுவில் ஒரு பெரிய துளை. அதைச் சுற்றி ஆறு துளைகள். ஒவ்வொன்றிலிருந்தும் நடுத்துளைக்கு ஒரு மெல்லிய பிளவு. நடுத்துளையின் மையத்தில் எலக்ட்ரான்களை உமிழும் கேத்தோடு. உள்ளே வெற்றிடம். மேலும் கீழும் வலுவான காந்தம்.

இப்போது அந்தச் சுற்றுத் துளைகளைப் பார்ப்போம். காலி பாட்டிலின் வாயில் பக்கவாட்டில் ஊதினால் விசில் மாதிரி ஒரு சுரம் வருமல்லவா? அது என்ன சுரம் என்பதை நம் மூச்சு தீர்மானிப்பதில்லை, பாட்டிலின் அளவு தீர்மானிக்கிறது. உள்ளிருக்கும் காற்றுக்கு இயல்பான ஓர் அதிர்வெண் இருக்கிறது. அந்தத் தாளத்தில் தள்ளிவிட்டால் அதிர்வு பெரிதாகிக்கொண்டே போகும். இதை ஒத்ததிர்வு என்கிறோம். செம்பில் போட்ட துளையும் அப்படித்தான். அதன் சுவரில் மின்னோட்டம் இப்படியும் அப்படியும் அலைபாயும், பிளவின் இரு விளிம்பிலும் மின்னூட்டம் சேர்ந்து சேர்ந்து மாறும். எவ்வளவு வேகமாக என்பது துளையின் அளவைப் பொறுத்தது. பாட்டிலுக்கு மூச்சு எதுவோ, துளைக்கு எலக்ட்ரான் கூட்டம் அது.

காந்தம் இல்லையென்றால் எலக்ட்ரான்கள் நேரே செம்பில் போய் மோதிவிடும். காந்தம் அவற்றை வளைப்பதால் நடுத்துளைக்குள்ளேயே சுழன்று ஒவ்வொரு பிளவின் வாயையும் கடக்கின்றன. சரியான கணத்தில் கடக்கும் எலக்ட்ரான் பிளவின் மின்புலத்தால் தடுக்கப்பட்டு, தன் ஆற்றலில் ஒரு பங்கைத் துளைக்குக் கொடுத்துவிட்டு வெளிப்பக்கமாக நகர்கிறது. தவறான கணத்தில் வருவது முடுக்கப்பட்டுக் கேத்தோடுக்கே திரும்பிவிடுகிறது. நாளடைவில் அல்ல, கண் இமைப்பதற்கும் மிக முன்னதாகவே, கூட்டம் சக்கரத்தின் ஆரங்களைப் போல அணிவகுத்து, தாளம் தவறாமல் துளைகளைத் தள்ளிக்கொண்டே சுழலும். ஒரு துளைக்குள் நீட்டிய சிறு கம்பி வளையம் அந்த ஆற்றலை வெளியே எடுத்துவரும். எலக்ட்ரான் கடக்க எடுக்கும் நேரம் பழைய குழாயில் இடைஞ்சலாக இருந்தது. இங்கே அந்த நேரமே வேலையைச் செய்கிறது.

1940 பிப்ரவரி 21 அன்று அந்தக் கட்டி முதல் முறையாக அலை தந்தது. வலுவை அளக்க இணைத்த கார் முகப்பு விளக்குகள் எரிந்தே போயின. அலைநீளம் 9.8 சென்டிமீட்டர், வலு சுமார் 400 வாட். முதல் முயற்சிக்கே அது!

இதே மாதிரிக் கருவியைச் சோவியத் ஒன்றியத்தில் அலெக்சேயெவ், மல்யாரொவ் இருவரும் முன்பே செய்திருந்தார்கள். 1940இல் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். ஜப்பானியரிடமும் இதற்கு நிகரானது இருந்தது. எனவே உலகிலேயே முதல் என்று பர்மிங்ஹாமுக்குப் பட்டம் கட்ட வேண்டியதில்லை. அங்கே செய்த கருவி உடனே தொழிற்சாலைக்குப் போனது என்பதுதான் விசேஷம். பர்மிங்ஹாமின் மாதிரிக்குப் பக்கத்திலேயே பம்ப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், மெழுகு வைத்து அடைத்திருந்தார்கள். அதை விமானத்தில் வைக்க முடியுமா? வெம்ப்ளியில் ஜிஇசி நிறுவனத்தின் எரிக் மெகா அதை முற்றாக மூடிய, கையில் தூக்கக்கூடிய கருவியாக மாற்றினார். 1940 மே மாதம், ஜெர்மன் படை பாய்வதற்குச் சற்று முன், பிரான்சிலிருந்து மோரிஸ் போன்ட் கொண்டுவந்த ஆக்சைடு பூசிய கேத்தோடு வகை இதற்குக் கைகொடுத்தது. சில மாதங்களில் துடிப்பின் வலு 10 கிலோவாட்டை எட்டியது.

சுருக்கமாக: துளையின் அளவு அலைநீளத்தைத் தீர்மானிக்கிறது, சுழலும் எலக்ட்ரான்கள் ஆற்றலைத் தருகின்றன, காந்தம் அவற்றைச் சுழல வைக்கிறது.

## அட்லாண்டிக்கைக் கடந்த பெட்டி

பிரான்ஸ் விழுந்தபின் பிரிட்டனிடம் யோசனை இருந்தது, அதைப் பெரிய அளவில் தயாரிக்கத் தொழிற்சாலை போதவில்லை. அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை. ஹென்றி டிசார்ட் தலைமையில் ஒரு தூதுக்குழு ரகசியங்களைக் கையில் எடுத்துக்கொண்டு போனது. பேரம் பேசாமல் கொடுத்துவிடுவது என்று தீர்மானம். ரேடார் நிபுணர் எட்வர்ட் போவென் ஒரு உலோகப் பெட்டியில் மேக்னட்ரானைத் தூக்கிக்கொண்டு லிவர்பூலில் கப்பல் ஏறினார். 1940 செப்டம்பர் 6 அன்று கப்பல் கனடாவின் ஹாலிஃபாக்ஸை அடைந்தது.

அக்டோபரில் பெல் ஆய்வுக்கூடத்தில் இயக்கிப் பார்த்தபோது அமெரிக்கர்கள் தங்களிடம் இருந்த குழாய்களைப் போலச் சுமார் ஆயிரம் மடங்கு வலுவைக் கண்டார்கள். ஒரு வேடிக்கையும் நடந்தது. வரைபடத்தில் ஆறு துளை, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் கட்டிக்குள் எட்டு. இடையில் வெம்ப்ளியில் மாற்றிச் செய்த ஒன்றைப் போவென் எடுத்து வந்திருந்தார். எட்டுத் துளையையே நகலெடுத்தார்கள்.

அந்த மாதமே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியில் ஒரு கூடத்துக்கு ஏற்பாடு நடந்தது. பெயர் கதிர்வீச்சு ஆய்வுக்கூடம். அணுக்கரு ஆய்வு நடக்கிறது போலும் என்று வெளியார் நினைக்கட்டும் என்பதற்காக வைத்த பெயர். அப்போது அணுக்கரு ஆய்வு போருக்கு உதவாத அப்பாவி விஷயமாகத் தெரிந்தது. அந்தப் பெயரால் இன்றும் சிலர் ரேடாரையும் அணுக் கதிர்வீச்சையும் குழப்பிக்கொள்கிறார்கள். நுண்ணலை பொருளைச் சூடாக்கும். ஆனால் எக்ஸ்ரே மாதிரி அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் திறன் அதற்கு இல்லை.

கூடத்துக்கு லீ டுபிரிட்ஜ் இயக்குநர். ஆள் சேர்த்தவர் சைக்ளோட்ரானைக் கண்டுபிடித்த எர்னஸ்ட் லாரன்ஸ். அவர் கூப்பிட்டால் அணுக்கருக்காரர்கள் வராமல் இருப்பார்களா? கொலம்பியாவிலிருந்து ஐ. ஐ. ராபி வந்தார், பெர்க்லியிலிருந்து லூயிஸ் ஆல்வரெஸ் வந்தார். தொடக்க நாட்களில் மேக்னட்ரான் படத்தைச் சுற்றி நின்றபோது, இது ஒரு விசில் மாதிரி, அவ்வளவுதான் என்று ராபி சொன்னாராம். பக்கத்திலிருந்த எட்வர்ட் காண்டன், சரி, விசில் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டிருக்கிறார். ராபியிடம் பதில் இல்லை.

1941 ஜனவரி 4 அன்று கூடத்தின் மொட்டை மாடியில் வைத்த ரேடார், சார்ல்ஸ் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த பாஸ்டன் கட்டிடங்களின் எதிரொலியைப் பிடித்தது. போர் முடியும்போது அங்கே சுமார் 4,000 பேர் வேலை பார்த்தார்கள்.

## மேக்னட்ரான் மட்டும் ரேடார் ஆகாது

மேக்னட்ரானைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது இந்தக் கதையைச் சொல்பவர்களின் வழக்கம். ஆனால் எதிரொலியைக் கேட்பது அலையை அனுப்புவதற்குச் சளைத்த வேலை இல்லை.

ஒரே ஆன்டெனாதான் அனுப்பவும் வேண்டும், வாங்கவும் வேண்டும். அனுப்பும்போது அதில் பாய்வது பல கிலோவாட். சில மைக்ரோ நொடி கழித்து வாங்க வேண்டியது ஒரு வாட்டில் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே. அனுப்பும் வலுவில் துளி கசிந்தாலும் வாங்கும் பகுதி கருகிவிடும். இதற்கு ஆக்ஸ்ஃபோர்டு கிளாரண்டன் ஆய்வுக்கூடத்தார் வாயு நிரப்பிய குழாய் ஒன்றைச் செய்தார்கள். துடிப்பு கிளம்பும்போது உள்ளே பொறி பறந்து வாங்கும் வழி அடைபடும். துடிப்பு நின்றதும் பொறி அணைந்து வழி திறக்கும். கைகளால் செய்யும் எந்தச் சுவிட்சும் இந்த வேகத்துக்கு வராது.

அப்புறம் படிகம். இவ்வளவு வேகமான அலையை உணர வெற்றிடக் குழாய்கள் உதவவில்லை. சிலிக்கான் துண்டின் மேல் கூரான கம்பியைத் தொட்டு நிறுத்தும் பழைய வானொலி முறைக்கே திரும்பினார்கள். ஜெகதீஷ் சந்திர போஸ் இப்படிப்பட்ட படிகத் தொடுமுனை உணர்விக்கு 1904இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியிருந்தார். கொல்கத்தாவில் மில்லிமீட்டர் அலைகளோடு அவர் செய்த சோதனைகள் அதற்கும் முந்தியவை. போர்க்காலத்தில் சிக்கல் படிகத்தின் தூய்மையில் இருந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சிலிக்கானையும் பர்டியூவில் ஜெர்மானியம் என்ற தனிமத்தையும் ஆராய்ந்தார்கள். டிரான்சிஸ்டர் 1947இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தபோது, இந்தத் தூய ஜெர்மானியம் பற்றிய அறிவு தயாராக இருந்தது.

அமெரிக்க ரேத்தியான் நிறுவனத்தில் பெர்சி ஸ்பென்சர் மேக்னட்ரானைச் செய்யும் முறையையே மாற்றினார். கட்டியைக் குடைவதற்குப் பதில் மெல்லிய தகடுகளை வெட்டி அடுக்கிச் சேர்த்தால் போதும் என்று கண்டதால் உற்பத்தி பெருகியது. போர் முடிந்ததும் அவர்தான் மைக்ரோவேவ் அடுப்புக்கும் வழிகாட்டினார். இயற்பியலாளர்கள் தனியாகச் சாதித்தார்கள் என்பதும் வாட்சன்-வாட் தனியாகக் கண்டுபிடித்தார் என்பது போன்ற இன்னொரு மிகைதான். 1942 ஜூன் 7 அன்று நுண்ணலை ரேடாரைச் சோதித்துக்கொண்டிருந்த ஹாலிஃபாக்ஸ் ரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்று விழுந்து 11 பேர் இறந்தார்கள். அதில் இருந்த ஆலன் ப்ளம்லைன் ஈஎம்ஐ நிறுவனத்தின் பொறியாளர்.

## களத்தில்

பெரிய மாற்றம் கடலில் தெரிந்தது. இரவில் மேலே வரும் நீர்மூழ்கிகளைப் பிரிட்டிஷ் விமானங்கள் 1.5 மீட்டர் ரேடாரால் தேடின. ஜெர்மானியர் அந்த அலையைக் கேட்கும் கருவியை வைத்துக்கொண்டு, சத்தம் வந்ததும் மூழ்கிவிட்டார்கள். 1943 வசந்தத்தில் 10 சென்டிமீட்டர் ரேடார் வந்தபோது அந்தக் கருவிக்கு எதுவும் கேட்கவில்லை. அந்த மே மாதம் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகளை ஜெர்மனி இழந்தது. ஜெர்மன் கடற்படைத் தளபதி டோனிட்ஸ் வட அட்லாண்டிக்கிலிருந்து அவற்றைத் திரும்பப் பெற்றார். ரேடார் ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். ஜெர்மன் ரகசியச் செய்திகள் உடைக்கப்பட்டதும், நெடுந்தூர விமானங்களும் துணைக் கப்பல்களும் பெருகியதும் அதே சமயத்தில்தான்.

காஸ்மிக் கதிர் ஆய்விலிருந்து வந்த பெர்னார்ட் லவல் தலைமையில் உருவான எச்2எஸ் ரேடார், குண்டுவீச்சு விமானத்துக்கு இருட்டிலும் கீழே உள்ள கரையையும் நகரத்தையும் காட்டியது. இதில் மேக்னட்ரானை வைக்கலாமா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. விமானம் விழுந்தால் வெடிவைத்தாலும் செம்புக் கட்டி சிதையாது, எதிரி கையில் சிக்கும். அப்படியே ஆனது. 1943 ஜனவரி 30 இரவு முதலில் பயன்படுத்தினார்கள். சில நாட்களில் ராட்டர்டாம் அருகே விழுந்த விமானத்திலிருந்து ஜெர்மானியர் அதை எடுத்துவிட்டார்கள்.

எம்ஐடி கூடத்தின் எஸ்சிஆர்-584 என்ற ரேடார் தானாகவே இலக்கைத் தொடர்ந்து பீரங்கியைத் திருப்பியது. 1944 கோடையில் இங்கிலாந்தின் தென்கரையில் வி-1 பறக்கும் குண்டுகளை வீழ்த்தியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

## தோற்றுப்போன அலை

10 சென்டிமீட்டரிலிருந்து 3 சென்டிமீட்டருக்குப் போனார்கள், படம் இன்னும் துல்லியமானது. அதற்கும் கீழே 1.25 சென்டிமீட்டருக்குப் போனபோது மாட்டிக்கொண்டார்கள். காற்றில் உள்ள நீராவி அந்த அலையை உறிஞ்சிவிடும். ஈரக்காற்றில் ரேடாரின் பார்வை சுருங்கிப்போனது.

எம்ஐடி கூடம் 1945 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டது. பேராசிரியர்கள் ஊர் திரும்பினார்கள், உபரியான கருவிகளும் கூடவே போயின. ரேடாரைக் கெடுத்த அந்த உறிஞ்சல், மூலக்கூறுகளை ஆராய்பவர்களுக்குப் பெரிய வாய்ப்பு: எந்த மூலக்கூறு எந்த அலையை உறிஞ்சுகிறது என்று நுண்ணலையால் அளக்கலாம். பெல் ஆய்வுக்கூடத்தில் ரேடார் வேலை பார்த்த சார்ல்ஸ் டவுன்ஸ் அந்த 1.25 சென்டிமீட்டர் பகுதியில் அம்மோனியாவை ஆராயத் தொடங்கினார். 1954இல் கொலம்பியாவில் அதே அம்மோனியா மூலக்கூறுகளைக் கொண்டு அவரும் சகாக்களும் லேசருக்கு முன்னோடியான மேசரை இயக்கிக் காட்டினார்கள்.